காரணம் சொல்லாத ஆட்சேபம்

என் அண்ணன் இரண்டு நாள் தரையில் விழுந்து கிடந்தான். அந்த இரண்டு நாளும் அவன் என்னோடு ஒத்துப்போகிறான் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். எப்படி மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாலும் இப்படித்தான் வருகிறது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை என்னவென்று தெரிந்தால்தான் இது எப்படி நடந்தது என்று புரியும். எங்களுடையது ஒன்பது மென்பொருள்கள் சேர்ந்த கூட்டம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பள்ளிக்கூடங்கள், சின்ன மருத்துவமனைகள், பேருந்துப் பணிமனைகள் என்று பெரிய கம்பெனிப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாத இடங்களில் எல்லாம் இது ஓடுகிறது. ஒன்பதும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. ஒன்று புதிய பதிப்பை வெளியிட்டு இன்னொன்று வெளியிடாமல் விட்டால் எல்லாம் குட்டிச்சுவராகிவிடும். அதனால் ஒன்பதும் ஒரே நாளில், ஒரே மணிக்கு வெளியாக வேண்டும். தேதி குறிப்பது, எந்தத் திருத்தம் உள்ளே வரலாம் எது வரக்கூடாது என்று கோடு கிழிப்பது, பழைய பதிப்புகளை எத்தனை காலம் பராமரிப்பது என்று விதி எழுதுவது, ஒன்பது பொறுப்பாளர்களையும் நச்சரித்து நேரத்துக்குக் கிளப்புவது, இதெல்லாம் நான். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பார்வையில் நான் உப்புக்குச் சப்பாணி. ஆனால் நான் ஒரு வாரம் படுத்துக்கொண்டால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கமாட்டார்கள்.

ஒன்பது பேரும் ஒன்பது இடங்களில் இருக்கிறார்கள். கூடிப் பேசலாம் என்றால் ஒருவருக்கு விடியும்போது இன்னொருவருக்கு இருட்டும். ஆகவே எல்லாம் எழுத்தில்தான். யோசனையை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிப் போட்டுவிட்டு எழுபத்திரண்டு மணி நேரம் காத்திருப்போம். பிடித்தவர் ‘+1’ என்று எழுதலாம். எதிர்ப்பவர் ‘-1’ என்று எழுத வேண்டும்; ஒரே ஒரு ‘-1’ விழுந்தாலும் யோசனை நின்றுவிடும். ஒன்றும் எழுதாதவர் ஒப்புக்கொண்டவர். எழுபத்திரண்டாவது மணி முடிந்ததும் நான் எண்ணிச் சொல்வேன். பன்னிரண்டு வருஷமாக எண்ணுகிறேன். ஒரு முறைகூடத் தப்பாக எண்ணியதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

ஒன்பதில் மிகச் சிறியது அண்ணனுடையது. தேதியையும் நேரத்தையும் கணக்கிடும் நிரல், மொத்தமே நாலாயிரம் வரி. மற்ற எட்டும் அதன்மேல்தான் நிற்கின்றன. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதினான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எந்த வேலையிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. மேலதிகாரியிடம் ஏதாவது சொல்லிவிட்டு வந்துவிடுவான். அவன் பெயரைப் போட்டு உலகத்தில் இருப்பது அந்த நாலாயிரம் வரிதான். ஒவ்வொரு பதிப்பு வெளியாகும்போதும் அதில் அவன் கையெழுத்து இருக்கும். பேனாக் கையெழுத்து இல்லை. கட்டைவிரல் நீளத்தில் ஒரு சாவி; கணினியில் செருகி, ரகசிய எண்ணைப் போட்டு, விரலால் தொட்டால்தான் வேலை செய்யும். அந்தக் கையெழுத்து இல்லாத பதிப்பை எந்த இயந்திரமும் ஏற்காது. சாவியைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருப்பான், குளிக்கும்போதுகூட.

கூட்டத்தில் அவனுக்கு வைத்த பெயர் ‘பிரேக்’. எதைப் போட்டாலும் நிறுத்துவான். அதுவும் முதல் நாளே சொல்லமாட்டான். எல்லோரும் சம்மதித்து, நானும் தேதி குறித்து, மூச்சு விடும் நேரத்தில், எழுபத்தோராவது மணியில் வந்து நிற்கும் அவனுடைய ‘-1’. காரணம் சொல்லமாட்டான். ஏன் என்று கேட்டால், “யோசிச்சா தெரியும்” என்பான். மற்றவர்கள் என்னிடம்தான் வருவார்கள், உங்கள் அண்ணன்தானே, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள் என்று. ஒரு முறை இப்படி ஐந்து வாரம் தள்ளிப்போனது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். காரணம் சொல்லாத ஆட்சேபம் செல்லாது; அதை எழுதாததாகவே கொள்ள வேண்டும். எழுதிக் கூட்டத்தின் முன் போட்டேன்.

அதற்கு அவன் எழுத்தில் பதில் சொல்லவில்லை. நேராக வீட்டுக்கு வந்தான். சாப்பிட உட்கார வைத்தேன்.

“எனக்குன்னே ரூல் போடுறியா?”

“எல்லாருக்கும்தான் அண்ணா.”

“எல்லாரும்னா யாரு? இந்த ஒம்பது பேர்ல காரணம் சொல்லாதவன் நான் ஒருத்தன்தானே?”

“அப்ப சொல்லேன். சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?”

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். யார் சண்டையிலும் நடுவில் உட்காருவது அவருக்குத் தொழில். “என் வண்டியில என் கால்கிட்டயும் ஒரு பிரேக் இருக்குல்ல? அதை மிதிக்கும்போது ஓட்டுறவங்ககிட்ட காரணம் சொல்லிட்டா மிதிக்கிறேன்? முதல்ல வண்டி நிக்கணும். அப்புறம்தான் பேச்சு” என்றார்.

“நீங்க சும்மா இருங்க” என்றேன்.

அண்ணன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டு போனான். எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்தது. அவன் எதிர்த்து எழுதவில்லை. விதி நிறைவேறியது. அதற்குப் பிறகு அவன் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

ஆனால் ஆட்சேபங்கள் நிற்கவில்லை. இப்போது காரணத்தோடு வந்தன. மூன்று பக்கம், நாலு பக்கம், அடிக்குறிப்பு வேறு. பழிவாங்கல்தான், எனக்குத் தெரியாதா? ‘ஒருங்கிணைப்பாளரின் மேலான கவனத்துக்கு’ என்று ஆரம்பிப்பான். ‘பொறுப்பாளரின் விரிவான விளக்கத்துக்கு நன்றி’ என்று நான் முடிப்பேன். இரண்டு வருஷம் அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை முழுக்க இப்படித்தான் நடந்தது. திட்டிக்கொண்டேதான் படிப்பேன். ஆனால் ஒரு வரி விடாமல் படிப்பேன். அவன் நன்றாக இருக்கிறான் என்பதற்கு வேறு என்ன சாட்சி இருந்தது எனக்கு?

இனி அந்தச் சனிக்கிழமை.

பழைய பதிப்புகளை மூன்று வருஷம் பராமரிக்கிறோம் என்பது எங்கள் விதி. அதாவது மூன்று வருஷத்துக்கு முன் வந்த பதிப்பில் ஓட்டை கண்டுபிடித்தாலும் அடைத்துக் கொடுப்போம். ஆள் போதவில்லை. எல்லோரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தில் செய்பவர்கள். மூன்று வருஷத்தை ஒன்றரை வருஷமாகக் குறைக்கலாம் என்று ஏற்கெனவே நாலு முறை கேட்டுவிட்டேன். நாலு முறையும் அண்ணன் மறித்தான். புது இயந்திரம் வாங்க வழியில்லாத இடங்களுக்காகத்தானே இதைச் செய்கிறோம், அவர்களையே கை கழுவிவிட்டால் பிறகு எதற்குச் செய்கிறோம் என்பது நாலு பக்கத்தின் சாரம். ஐந்தாவது முறையாகச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போட்டேன். செவ்வாய் ஒன்பது மணிக்கு முடியும். அன்று பதினோரு மணிக்குப் புதிய பதிப்பு.

ஞாயிறு அவனிடமிருந்து சத்தம் இல்லை. அது வழக்கம்தான். திங்களும் இல்லை. ஆனால் அவன் பெயருக்கு எதிரே பச்சைக்குறி வந்துகொண்டிருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பொறுப்பாளரும் ஒரு கணினியை எந்நேரமும் ஓடவிட்டிருப்பார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அது நிரலைச் சோதித்து, சரியாக இருந்தால் பொதுப் பக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே பச்சைக்குறி போடும். அண்ணனுடைய கணினி அவன் அறையிலேயே இருந்தது. காலை ஐந்து, பதினொன்று, மாலை ஐந்து, இரவு பதினொன்று. அவன் பெயர், பச்சைக்குறி. ஆள் உட்கார்ந்திருக்கிறான், பார்த்துக்கொண்டிருக்கிறான், வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறான் என்றுதான் அதைப் படித்தேன்.

“பாத்தீங்களா, இன்னும் வாயே திறக்கல” என்று திங்கள் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

செவ்வாய் ஏழு மணிக்கு எழுபத்தோராவது மணி ஆரம்பித்தது. அவனுக்குப் பதில்கூட எழுதி வைத்திருந்தேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டே முக்கால். ஒன்பது. வரவில்லை. எண்ணி, நிறைவேறியது என்று அறிவித்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது. வயசாகிறது, அண்ணனுக்குக் கோபம் இறங்கிவிட்டது, எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன். இரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தனியாக ஒரு வரி அனுப்பினேன். ‘நன்றி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா.’

பத்தரைக்குள் எட்டுக் கையெழுத்துகள் வந்துவிட்டன. ஒன்பதாவது வரவில்லை. என்னதான் சண்டை போட்டாலும் கையெழுத்தில் அவன்தான் எப்போதும் முதல் ஆள். பதினோரு மணிக்குப் பச்சைக்குறி மட்டும் வந்தது.

வீட்டுக்காரர் ஒரு வகுப்பை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்திருந்தார். “உக்காந்துக்கிட்டே இருக்கான், கையெழுத்து மட்டும் போட மாட்டேங்கிறான். பாருங்க, பச்சை வருது” என்று திரையைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். “இதை மச்சான் போடுறாரா, மெஷின் போடுதா?”

“மெஷின்தான்.”

“கையெழுத்து?”

“அது அவன் தொட்டாத்தான்.”

“அப்ப மெஷின் இருக்கு. மச்சான் இருக்காரான்னு யாரு பாத்தா?”

அண்ணனுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

பயிற்சிக் காரிலேயே போனோம், கூரையில் பள்ளியின் பெயர்ப்பலகையோடு. நாற்பது நிமிஷம். அண்ணன் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியறையில் இருந்தான். கீழே இரும்பு கடையும் சத்தத்தில் நாங்கள் பேசியது பட்டறைக்காரருக்குக் கேட்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு மாற்றுச் சாவியைத் தேடி எடுத்தார். படி ஏறும்போதுதான் சொன்னார், “நேத்துக் காலைல மெஷின் போடுறதுக்கு முன்னாடி மேல ஏதோ தட்டுற சத்தம் கேட்டுச்சு. ஏதோ ரிப்பேர் பண்றார்னு நெனச்சேன். அப்புறம் மெஷினைப் போட்டுட்டேன்.”

மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவில் கிடந்தான். வலது பக்கம் முழுக்க அவனுக்கு இல்லாமல் போயிருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான். இடது கை விரல் முட்டிகள் தோல் உரிந்து, தரையில் காய்ந்த ரத்தம் இருந்தது. மேசைமேல் கணினி, மின்விசிறி ஓட, தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

ஞாயிறு காலையிலேயே விழுந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. “ஒரு நாலு மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்திருந்தா நிறைய செஞ்சிருக்கலாம்மா” என்றார். குற்றம் சொல்லவில்லை, தகவல் சொன்னார். நான் விரல்விட்டு எண்ணினேன். ஐம்பத்தொரு மணி நேரம். எண்ணுவதுதானே என் தொழில்.

கைக்கடிகாரம், கண்ணாடி, கழுத்தில் கிடந்த சாவி, மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

கூட்டத்துக்கு எழுதினேன். எட்டுப் பேர் அல்ல, நாற்பது ஐம்பது பேர் ஆறுதல் எழுதினார்கள். அவனோடு பத்து வருஷம் மல்லுக்கு நின்றவர்கள்கூட எழுதினார்கள். இந்த முறை அவன் நிரலில் பெரிய மாற்றம் இல்லாததால், அண்ணன் பங்குக்குப் பழைய பதிப்பையே வைத்துப் புதியதை வெளியிட்டோம். ஒன்றரை வருஷ விதியை மறுபடி எடுத்துப் பேசலாம், அவன் கேட்கும் நிலையில் இல்லாதபோது நிறைவேறியது என்று எழுதினேன். கட்டாயம் பேசலாம், அடுத்த வெளியீடு முடியட்டும் என்றார்கள். யாரும் மறுக்கவில்லை. யாரும் எடுக்கவும் இல்லை.

ஏழு வாரம் ஆனது. உயிருக்கு ஆபத்தில்லை என்று பயிற்சி வார்டுக்கு மாற்றினார்கள். பேச்சு வரவில்லை. ‘த்’ என்று ஒரு சத்தம் வரும், அதற்குமேல் நகராது. எழுதவும் வராது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா எனக்கு முதலிலேயே சொல்லிவிட்டார். “ஆமாவும் இல்லையும் அவருக்குக் கலந்துபோச்சு. தண்ணி வேணுமான்னு கேட்டாலும் தலையாட்டுவார். வேண்டாமான்னு கேட்டாலும் ஆட்டுவார். உள்ள எவ்வளவு புரியுது, எவ்வளவு புரியலைன்னு எங்களாலயே சொல்ல முடியல. அவசரப்பட்டு எதையும் முடிவு பண்ணாதீங்க.”

அந்த ஞாயிறு வாத்தியார் போன் செய்தார். ஒன்பதில் பெரியது அவருடையது. கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுப்பவர், அதனால் அந்தப் பெயர். சாது.

“மேடம், அண்ணன் நிரல்ல ஒரு ஓட்டை இருக்கு. ஒரு தேதியைத் தப்பான முறையில அனுப்பினா, வெளியில இருக்கறவன் அந்த மெஷினுக்குள்ளயே நுழைஞ்சுடலாம்.”

“எத்தனை பேருக்குத் தெரியும்?”

“எனக்கு. கண்டுபிடிச்ச குழுவுக்கு. அவங்க வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் பொதுவுல போடுறாங்க. அதுக்கு மேல தள்ள மாட்டேன்னுட்டாங்க. திருத்தம் ரெடி, பதினொரு வரிதான். ஆனா...”

ஆனால் என்னவென்று எனக்குத் தெரியும். கையெழுத்து. சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. ரகசிய எண் அண்ணன் தலைக்குள் இருந்தது. அவன் சாவியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, அந்த நிரலை வாத்தியார் சாவிக்கு மாற்றினால்தான் திருத்தம் வெளியே போகும். அதற்கும் விதி உண்டு. எழுபத்திரண்டு மணி நேரம்.

“நீங்க எண்ண வேண்டாம் மேடம். இந்த ஒரு தடவை நான் எண்ணிக்கிறேன்” என்றார்.

“வேண்டாம். நானே எண்ணுறேன்.” வேறு ஒருவர் எண்ணினால் மட்டும் என் கை சுத்தமாகிவிடுமா?

திங்கள் காலை பத்து மணிக்குப் போட்டேன். ஓட்டையைப் பற்றி எழுத முடியாது; மற்ற ஏழு பேருக்கு மட்டும் தனியாகத் தெரிவித்தோம். ஏழு பேர் வருத்தத்தோடு ‘+1’ எழுதினார்கள். வாத்தியார் தனக்கே சாவி வருவதால் ஒன்றும் எழுதவில்லை. ஒன்பதாவது ஆள் அண்ணன். பொறுப்பாளர் பட்டியலில் அவன் பெயர் இன்னும் இருந்தது. அவன் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக எண்ணிவிடலாம். அதற்குத்தானே விதி. ஆனால் அந்த மாதிரி ஒரு முறை எண்ணிவிட்டேன். மறுபடி அப்படி எண்ண எனக்குத் தைரியம் இல்லை.

வியாழன் காலை எட்டு மணிக்கு வார்டில் பார்வையாளர்களை விடுவார்கள். மடிக்கணினியோடு போனேன். கட்டிலின் குறுக்கே நகர்த்தும் சாப்பாட்டு மேசையை இழுத்து அதன்மேல் வைத்தேன். தலையணையை நிமிர்த்தினேன். அவன் முகத்தை யாரோ வழித்துவிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் சரியாக வழிக்கவில்லை.

“அண்ணா, உன் நிரல்ல ஒரு ஓட்டை.”

திருத்தத்தைத் திரையில் வைத்தேன். பதினொரு வரி. வெகுநேரம் பார்த்தான். படித்தானா, வெறுமனே வெளிச்சத்தைப் பார்த்தானா, சத்தியமாகத் தெரியாது. பிறகு நடந்ததை எல்லாம் சொன்னேன். வியாழன், பன்னிரண்டு மணி, கையெழுத்து, வாத்தியார். இழுப்பறையிலிருந்து எடுத்து வந்திருந்த சாவியை மேசைமேல் வைத்தேன். அவன் இடது கையை அதன்மேல் வைத்தான். எடுக்கவில்லை.

“இதை மாத்தப் போறாங்க அண்ணா. வேற வழி இல்ல. உனக்கு ஏதாவது சொல்லணுமா?”

என் எண்ணிக்கைப் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே இருந்த பதில் கட்டத்தைத் திறந்து கணினியை அவன் பக்கம் தள்ளினேன்.

விசைப்பலகையில் இடது கைக்குப் பக்கத்தில் இருப்பவை இடது ஓரத்து எழுத்துகள். தெரியாமல் கை விழுந்தால் அங்கேதான் விழும். அண்ணனுடைய கை அங்கே விழவில்லை. மேல் வரிசை எண்கள் மேலாக, இரண்டு, மூன்று, நாலு என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, தோள் நடுங்க, உடம்பே கூடச் சாய, வலது கோடிக்குப் போனது. பூஜ்யத்துக்கு அடுத்த விசையை அழுத்தியது. பிறகு வந்த வழியே திரும்பி, வரிசை முழுவதும் கடந்து, இடது கோடியில் ‘1’ விசையை அழுத்தியது. இதற்கு ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும்.

-1.

பயிற்சி அம்மா பக்கத்துக் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். “கைப்பழக்கமாவும் இருக்கலாம்மா. பழகின விஷயம் அர்த்தம் இல்லாமலே வரும்” என்றார். நல்ல மனுஷி. எனக்கு ஒரு வழி காட்டினார்.

“ஏன் அண்ணா? வாத்தியார் வேண்டாமா?”

தலையாட்டினான்.

“வாத்தியார்னா பரவாயில்லையா?”

தலையாட்டினான்.

“பழைய பதிப்புக்கும் திருத்தம் போகணும்னு சொல்றியா? ஒன்றரை வருஷத்துக்கு முந்தினதுக்கெல்லாம் போகாதுன்னா?”

தலையாட்டினான். “அதில்லையா?” என்றேன். அதற்கும் ஆட்டினான். வாயைத் திறந்தான். ‘த்’ என்று வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடியும் ‘த்’. சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று கேட்டவள் நான். அவன் எதிரே அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனேன். அழுதேன்.

காரணம் எனக்குத் தெரியும். அவனோடு இரண்டு வருஷம் பக்கம் பக்கமாகப் பேசியவள் நான்தான். ஓட்டை பழைய பதிப்புகளிலும் இருக்கிறது. மூன்று வருஷ விதி நின்றிருந்தால் அவற்றுக்கும் இன்று மதியம் திருத்தம் போயிருக்கும். ஒன்றரை வருஷம் என்று மாற்றிய பிறகு போகாது. புது இயந்திரம் வாங்க வழியில்லாத அத்தனை இடங்களும் பன்னிரண்டு மணிக்குத் திறந்த வீடாகக் கிடக்கும். அவன் தரையில் கிடந்தபோது நிறைவேற்றிய விதி அது. அதைத்தான் சொல்கிறான். அல்லது அதைச் சொல்லவில்லை. என் சாவியைத் தொடாதே என்று மட்டும் சொல்கிறான். எனக்குத் தெரியும் என்றேனே, தெரியும் என்று நினைக்கிறேன், அவ்வளவுதான்.

அவன் சார்பில் காரணத்தை நானே எழுதலாம் என்று தோன்றியது. ‘ஒருங்கிணைப்பாளரின் மேலான கவனத்துக்கு’ என்று தொடங்கவும் செய்தேன். அவன் நடை எனக்குக் கைவந்ததுதான். இரண்டு வரி எழுதினேன். எழுதும்போதே புரிந்தது. இந்த ஆட்சேபம் நின்றால் இன்று யாருக்குமே திருத்தம் போகாது. பழையதும் திறந்து கிடக்கும், புதியதும் திறந்து கிடக்கும். வாத்தியாரும் மற்ற ஏழு பேரும் அங்கே கையில் சாவியோடு காத்திருக்கிறார்கள். இரண்டு வரியையும் அழித்தேன். மணி ஒன்பது ஐம்பது.

எண்ணிக்கைப் பட்டியலைப் பார்த்தேன். ஒன்பது பெயர்கள். அண்ணன் பெயருக்கு எதிரே ‘-1’ இருந்தது. காரணம் என்ற இடம் காலி. காரணம் சொல்லாத ஆட்சேபம் செல்லாது. எழுதாததாகவே கொள்ள வேண்டும். எழுதாதவர் ஒப்புக்கொண்டவர். என் சொற்கள், என் காற்புள்ளி அரைப்புள்ளி எல்லாம். முதல் முறை அவன் மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணியது தெரியாமல் செய்தது. இந்த முறை அவன் இல்லை என்று சொன்னதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு எண்ணினேன்.

கணினியை மெல்ல எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன், திரை அவன் கண்ணில் படாதபடி. அவன் பெயருக்கு எதிரே ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதினேன். பத்து மணி ஆனதும் நிறைவேறியது என்று அறிவித்தேன். இரண்டு நிமிஷத்தில் வாத்தியாரிடமிருந்து நன்றி வந்தது.

“முடிஞ்சுது அண்ணா” என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. சாவி மட்டும் கிடந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசைப்பலகை இருந்த இடத்தில் இடது கை மறுபடி நகர ஆரம்பித்தது. தோள் நடுங்க, உடம்பு சாய, வலது கோடிக்குப் போய்ப் பலகையில் ஒரு தட்டு. திரும்பி இடது கோடிக்கு வந்து ஒரு தட்டு. பிறகு மறுபடியும் வலது கோடிக்கு. பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை நான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணவில்லை.